அஸ்காத் தண்ணி

எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பதற்குப் பெயர் அஸ்கா. அந்தக் காலத்தில் கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை என்று கேட்டால் கவுந்தப்பாடிச் சர்க்கரையைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். இந்த ஒரு சொல்லை நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் 1988-இல் என்னுடைய முதல் தேனீப் பெட்டி கையை விட்டுப் போனது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வீரபாண்டியிலிருந்து சைக்கிளில் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் சோளக்காடு, கிணற்று மேட்டில் ஆறு தென்னை, வேலியோரம் வேம்பும் வெள்வேல மரமும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தேன். அடுத்த மாதமே மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நான்கு சட்டத்தோடு ஒரு பெட்டி, ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியது. வாசலைக் கம்பி வலையால் அடைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். "ஒரு வாரத்துக்குச் சர்க்கரைப் பாகு வையுங்க" என்று கொடுத்தவர் சொன்னார்.

சர்க்கரை என்றாரே, சர்க்கரையை வாங்கினேன். பாகு என்றாரே, அம்மா அடுப்பில் ஏற்றினார். பொரி உருண்டைக்குக் காய்ச்சுகிற மாதிரி, கம்பிப் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி, ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். தேனீக்கள் குடித்தன. எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மூடியைத் திறந்து குடிக்கின்றனவா என்று பார்த்தேன். நான்காம் நாள் பெட்டியின் முன்பலகையில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாய்க் கறை. ஈக்கள் வயிறு வீங்கி, பறக்க முடியாமல் அடிப்பலகையில் ஊர்ந்தன. எட்டாம் நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்தபோது பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. திறந்தால் நான்கு அடையும் காலி. ஒரு கைப்பிடி ஈ மட்டும் மூலையில் செத்துக் கிடந்தது. கூட்டமே எழுந்து போய்விட்டது.

நாட்டுச் சர்க்கரையில் இருக்கிற தாதுவும் கசடும் மனித உடம்பை ஒன்றும் செய்யாது. தேனீயின் குடல் அதைத் தாங்காது, கழிச்சல் வந்துவிடும். அடுப்பில் காய்ந்து நிறம் மாறிய பாகில் தேனீக்கு ஆகாத பொருளும் உண்டாகிவிடுகிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்த் தேனீயின் சுபாவமும் அப்போது தெரியாது. அடுக்கடுக்காய் அடை கட்டும் இந்தியத் தேனீ, பசித்தாலும் ஓடும், பயந்தாலும் ஓடும். தினமும் இரண்டு தடவை கூரையைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டால் இருக்குமா? வீட்டுக்கு வந்த விருந்தாளியை நானே விரட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் மாசியில் கம்பெனியில் சொல்லிவிட்டு மார்த்தாண்டத்துக்குப் போனேன். ரப்பர் தோட்டத்துக்குள் நூற்றுக்கும் மேலே பெட்டி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் இருபது நாள் தங்கினேன். தேனீ வளர்ப்பு அந்த ஊரில் பரம்பரைத் தொழில் மாதிரி ஊறிப்போனது. 1911-லிருந்து 1917 வரை தென்னிந்தியக் கிராமங்களில் பயிற்சி கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் சின்னத் தேனீக்கு ஏற்ற மாதிரி அளவு குறைத்துச் செய்த பெட்டிதான் இன்றைக்கும் நியூட்டன் பெட்டி. கீழறையில் ஏழு சட்டம். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் கிராம முன்னேற்ற வேலையை ஆரம்பித்த ஸ்பென்சர் ஹாட்ச் வழியாக, அங்கே வீட்டுக்கு வீடு பெட்டி போனது. ரப்பர் மரம் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது தளிர் இலையின் காம்பிலிருந்து தேன் கசியும். பூவே தேவையில்லை. நான் போனபோது அந்தத் தேன் ஓடிக்கொண்டிருந்தது. தேனீ வளர்க்கும் யாருக்கும் அந்தக் காட்சி மறக்காது. காலையில் தோட்டமே இரைந்தது.

நான் செய்ததை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வருத்தப்பட்டார். "மக்களே, நீ அதுக்குப் பாயசம் வச்சிருக்க. அதுக்கு வேண்டியது தண்ணி, கேட்டியா? பூவுல இருக்கது தண்ணியாட்டுதான் இருக்கும்." பிறகு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இறக்கி வைத்து, ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்று வெள்ளைச் சீனியைக் கொட்டிக் கரைத்துக் காட்டினார். சீனி விழுந்த பிறகு பாத்திரம் அடுப்புக்குத் திரும்பக் கூடாது. அவ்வளவுதான் சமையல். அன்றிலிருந்து நான் பாகு என்கிற சொல்லையே விட்டுவிட்டேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அஸ்காத் தண்ணி என்றுதான் சொல்வேன்.

அவரிடம் இன்னொன்று கேட்டேன். காட்டில் தானாக வாழ்கிற பூச்சிக்கு நாம் எதற்குத் தீனி போடவேண்டும்? காலியாக இருந்த ஒரு சட்டத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அதில் ஈக்கள் விரலகலத்துக்கு வெள்ளை மெழுகைத் தொங்கவிட்டிருந்தன. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ ஆறு ஏழு கிலோ தேனைத் தின்றாக வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். புதுப்பெட்டியில் அடை இல்லை. அடை இல்லாமல் ராணி முட்டை வைக்க இடமில்லை, மகரந்தம் வைக்க இடமில்லை, தேனை எங்கே ஊற்றுவது? ஆகவே முதல் செலவு வீடு கட்ட. கையிருப்பு இல்லாதவன் கல்லும் சிமெண்டும் எங்கே வாங்குவான்? நாம் ஊற்றுகிற அஸ்காத் தண்ணி அந்தக் கட்டடச் செலவுக்குத்தான். தேனாக நமக்குத் திரும்பி வரும் என்று நினைத்து யாரும் ஊற்றக் கூடாது.

இன்னொரு கணக்கும் புதியவர்களுக்குத் தெரியவேண்டும். இன்று வைத்த முட்டை ஈயாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரைக்கும் பழைய ஈக்கள் செத்துக்கொண்டே இருக்கும், புது ஈ வராது. பெட்டி வைத்த இரண்டாம் வாரம் கூட்டம் குறைந்த மாதிரி தெரிவது அதனால்தான். "ஈ கொறஞ்சு போச்சுங்க, நோவு வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த இரண்டாம் வாரத்துப் போன்தான். நோய் இல்லை கண்ணு, பொறு என்பேன்.

இரண்டாவது பெட்டிக்கு முதன்முதலில் தீனி வைத்த சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாதித் தேங்காய்த் தொட்டி. அதில் ஆழாக்குக்கும் குறைவாக அஸ்காத் தண்ணி. மேலே ஏழெட்டுச் சோளத்தட்டுத் துண்டு மிதந்தது. அது இல்லாவிட்டால் ஈ வழுக்கி விழுந்து மூழ்கிவிடும். பொழுது விழுந்து, வெளியே போன ஈயெல்லாம் திரும்பிய பிறகு, சட்டங்களுக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கி மூடினேன். உடனே போய்விடாமல் பலகையில் காதை வைத்தேன். முதலில் வழக்கமான சத்தம். கொஞ்ச நேரத்தில் அது தடித்தது. மறுநாள் மூடியை விரலளவு தூக்கிப் பார்த்தால் தொட்டி துடைத்து வைத்த மாதிரி உலர்ந்திருந்தது. தட்டுத் துண்டுகளின் மேல்கூட ஒரு சொட்டு இல்லை. நான்காம் நாள், ஓரத்துச் சட்டத்தில் புது அடை. பனியன் துணி சாயம் போடுவதற்கு முன்னால் எப்படி இருக்கும்? அதைவிடவும் வெள்ளை.

அந்தப் பெட்டி ஒன்பது பெட்டியானது. அப்புறம் எல்லாம் போனது.

1991-92-இல் கேரளத்திலும் குமரியிலும் ஆரம்பித்த தாய் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னாடு முழுக்க இந்தியத் தேனீயை அழித்தது. பெரிய ஈக்கு ஒன்றும் ஆகாது. புழுதான் சாகும். கூட்டுப்புழுவாகும் நேரத்தில் உடம்பு முழுக்க நீர் கோத்து, ஒரு சின்னப் பை மாதிரி ஆகி, தலைப்பக்கம் படகின் மூக்கு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு அறைக்குள் கிடக்கும். குறடால் எடுத்தால் பையாகவே கையோடு வரும். குமரியில் நூறு பெட்டி வைத்திருந்தவர்கள் கையில் ஐந்தும் பத்தும்தான் மிஞ்சியது. எங்கள் பக்கத்துக்கு அடுத்த வருஷம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அஸ்காத் தண்ணி ஊற்றினேன். தெம்பு வந்தால் தேறிவிடும் என்று நம்பி, இருந்த காசுக்கெல்லாம் அஸ்கா வாங்கி ஊற்றினேன். குடித்தன, புழு வளர்த்தன, அந்தப் புழுவும் செத்தது. இன்னும் ஊற்றினேன். உண்மையில் நான் செய்ததால் நோய்க்குத்தான் தீனி கிடைத்தது. நோய் பிடித்த அடையை எடுத்துவிட்டு, ராணியைக் கொஞ்ச நாள் முட்டை வைக்கவிடாமல் நிறுத்தி, புழு இல்லாத இடைவெளி கொடுத்திருக்கவேண்டும். அந்த நோய்க்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து பெருக்கித்தான் தெற்கத்திக்காரர்கள் மறுபடி தொழிலை எழுப்பினார்கள். ஒன்பது பெட்டியையும் கிணற்று மேட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

1997-இல் தென்னம்பொந்தில் ஒரு கூட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. மறுபடி ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை பாட்டில். மூடியில் ஊசியால் ஆறேழு ஓட்டை போட்டு, தண்ணியை ஊற்றிக் கவிழ்த்துச் சட்டங்களின் மேலே வைக்கிற முறை. கவிழ்த்ததும் நாலு சொட்டு விழும், பிறகு நின்றுவிடும். உள்ளே காற்று நுழையாததால் தண்ணி தொங்கிக்கொண்டு நிற்கும். ஈ நாக்கை நீட்டி ஓட்டையில் உறிஞ்சும். மூழ்குகிற பயம் இல்லை, தொட்டியை விடச் சுத்தம். ஆனால் ஒரு பங்குனி மத்தியானம் வந்து பார்த்தால் பெட்டியின் வாசலிலிருந்து ஒழுகி, கால் வழியாக இறங்கி, எறும்புச் சாரி தென்னை வரைக்கும் போயிருந்தது. பாட்டில் பாதி காலியாக இருந்திருக்கிறது. வெயிலில் உள்ளே இருந்த காற்று விரிந்து தண்ணியைக் கீழே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடு. பெட்டி நிழலில் இருக்கவேண்டும். பாட்டிலில் ஒரு ராத்திரியில் குடித்து முடிக்கிற அளவுதான் இருக்கவேண்டும். நான்கு சட்டத்துக் கூட்டத்துக்கு இருநூறு மில்லி போதும், மிஞ்சினால் மறுநாள் குறைக்கவேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்கு இரண்டாம் நாளே புளிக்க ஆரம்பித்துவிடும். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடவேண்டும். பெட்டியின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதைத் தீனி வைப்பதற்கு முன்பே செய்யவேண்டும். எறும்பு வந்த பெட்டியில் தேனீ தங்காது.

பெட்டியைத் திறக்கும்போது புகை போடுகிற விஷயமும் எங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி ஒன்று உண்டு. திருப்பூரில் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை, புகைப்பானுக்கு அதைப் போல வசதி கிடையாது. ஆனால் சாயம் ஏறாத கிரே துணியாக, சுத்தப் பருத்தியாக இருக்கவேண்டும். லைக்ராவோ பாலியஸ்டரோ கலந்த துண்டு ஒன்று விழுந்தாலும் கருகுகிற பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், ஈக்கள் அடங்குவதற்குப் பதிலாக வெறிபிடித்த மாதிரி ஆகும். நான் துண்டைக் கொளுத்தி நுனியை முகர்ந்து பார்த்துத்தான் போடுவேன். கட்டிங் வேலை பார்த்த மூக்குக்கு அது தெரியும்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகளை மூடினார்கள். நொய்யல் ஆற்றுக்கு அது வேண்டியிருந்தது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் பட்டறையில் வேலை பார்த்தவன் வீட்டு அடுப்பும் அன்றைக்கே அணைந்தது. அப்படி வேலை போன ஒருவர், சாய மிஷின் ஓட்டுகிறவராக இருபது வருஷம் நின்றவர், இருந்த சேமிப்பில் மூன்று பெட்டி வாங்கி வைத்தார். மாமா மாமா என்று என் பின்னாலேயே வந்து கற்றார். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஓடி வந்தார். "மாமா, ஊர்ல இருக்கற ஈயெல்லாம் நம்ம பெட்டிக்கு வந்துருச்சுங்க, நல்ல சேதிதானுங்களே?"

எனக்கு வயிறு கலங்கியது. போய்ப் பார்த்தால் அகலமான சருவத்தில் அஸ்காத் தண்ணியை ஊற்றி, நல்ல வெயிலில், மூன்று பெட்டிக்கும் நடுவில் வைத்திருக்கிறார். மூன்றும் பொதுவாகக் குடிக்கட்டும் என்கிற நல்ல எண்ணம். பொந்து ஈ, அக்கம்பக்கத்து ஈ எல்லாம் வந்துவிட்டது. சருவம் தீர்ந்ததும் ருசி கண்ட கூட்டம் எங்கே போகும்? இருப்பதில் பலம் குறைந்த பெட்டிக்குள் புகுந்து அடையைக் கிழித்துக் குடிக்க ஆரம்பித்திருந்தது. வாசலில் ஈயும் ஈயும் கட்டிப் புரண்டு விழுந்தன. தரையில் மயிர் உதிர்ந்து கறுத்துப் பளபளத்த ஈக்கள். சருவத்தை அப்புறப்படுத்தி, கிரே துணியை நனைத்துப் பெட்டி முழுக்கப் போர்த்தி, வாசலில் ஒரு ஈ மட்டும் நுழைகிற இடம் விட்டு மீதியை மண்ணால் அடைத்தோம். ராத்திரி அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தோம். பிழைத்தது. இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார், "பட்டறையில சாயம் சிந்துனா அடுத்த துணியும் கெட்டுப் போகுமுங்க, அதே மாதிரிதானுங்க இதுவும்." தீனி வெளியே சிந்தக் கூடாது, பெட்டிக்குள்தான் வைக்கவேண்டும், இருட்டும் நேரத்தில் வைக்கவேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வைக்கவேண்டும் என்று நான் நாலு நாள் சொன்னதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

சாயத்தைப் பற்றி ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டான்: சாயத் தண்ணியைக் குடித்தால் தேன் சிவப்பாகுமா தாத்தா? 2012-இல் பிரான்ஸில் ரிபோவில்லே என்கிற ஊரில் தேனீ வளர்ப்பவர்களுக்கு நீலத்திலும் பச்சையிலும் தேன் வந்தது. பக்கத்தில் மிட்டாய்க் கழிவிலிருந்து எரிவாயு எடுத்த ஓர் ஆலையிலிருந்து ஈக்கள் வண்ணச் சர்க்கரையை எடுத்து வந்திருந்தன. ஆகவே பையன் கேட்டது வீண் கேள்வி இல்லை. இனிப்போடு வருகிற எதையும் ஈ அப்படியே கொண்டுவந்து அடையில் வைத்துவிடும். சாயத் தண்ணியில் இனிப்பில்லை, ஆனால் உப்பு உண்டு. உப்புத் தண்ணீரைத் தேடிப் போகிற குணம் தேனீக்கு உண்டு. அதனால் தீனிக்கு ஆகிற கவனத்தை நான் தண்ணீருக்கும் கொடுப்பேன். மண் தாழியில் கூழாங்கல் பரப்பி, கல் நனைகிற அளவுக்கு நல்ல தண்ணீர். பெட்டி வந்த அன்றைக்கே வைத்துவிடவேண்டும். ஒரு தடவை சாக்கடைப் பக்கம் பழகிவிட்டால் திருப்புவது கஷ்டம்.

டீக்கடை இன்னொரு கவலை. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காகிதக் கப்புகளில் தேனீக்கள் விழுந்து சாவதைப் பற்றி எழுதினார்கள். அடியில் மிஞ்சிய இனிப்புக்காக இறங்கும் ஈ ஏற முடியாமல் செத்துவிடும். எங்கள் ஊரில் ஷிப்டு இடைவேளையில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் எத்தனை கப்பு விழும்! பூ இருக்கிற காலத்தில் ஈ அங்கே போகாது. பூ அற்றுப் போகும்போது போகும். தீனி வைக்கவேண்டிய காலம் வந்துவிட்டதா என்று பார்க்க நான் டீக்கடைக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்ப்பேன்.

எது பஞ்ச காலம் என்பதை வெளியூர்ப் புத்தகம் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது வருகிற பிள்ளைகள் செல்போனில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே பத்துச் சட்டப் பெட்டியில் இத்தாலியத் தேனீ, பனிக்காலம் நான்கு மாதம். அதற்கு முன்னால் லிட்டர் லிட்டராக, இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாகக் கரைத்துக் கொடுத்துக் கிடங்கை நிரப்புகிறார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நம் பிள்ளை அதைப் பார்த்து நம் சின்னப் பெட்டிக்கு இரண்டு லிட்டர் வைத்தான். ஈக்கள் சொன்னபடி கேட்டன. இருந்த அறையையெல்லாம் நிரப்பின. முட்டைக்கு இடமில்லாமல் ராணி சட்டத்துக்குச் சட்டம் அலைந்தாள். தீனி குறைந்து கெட்ட பெட்டியை விட, அன்பு மிகுந்து கெட்ட பெட்டியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பஞ்சம் பனியால் வருவதில்லை, காற்றால் வருகிறது. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். ஆடியில் மழையும் இல்லாமல், காற்று மட்டும் ராத்திரி பகலாக வீசும். வெளியே போன ஈ பாரத்தோடு திரும்ப முடியாது. அதற்கப்புறம் ஐப்பசி மழையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் அடைத்துக்கொண்டால் மறுபடி ஒரு பஞ்சம். மற்றபடி பங்குனியில் புங்கை, சித்திரையில் வேம்பு, வைகாசியில் புளி, ஆவணிக்கு மேல் வெள்வேல். தென்னை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொடுக்கும். நான் ஆரம்பித்த காலத்தில் ஆடி ஒரு மாதம் ஊற்றினால் போதும். இன்று அந்த இரண்டு ஏக்கர் சோளக்காட்டைச் சுற்றி மூன்று பக்கமும் கம்பெனி, ஒரு பக்கம் சைட். வீரபாண்டி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு வேலி மரங்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. மாசி வரைக்கும்கூடச் சில பெட்டிக்கு ஊற்றவேண்டியிருக்கிறது. அதனால் இப்போது ஆடிக்கு முன்பே பலமான பெட்டிகளை உடுமலைத் தென்னந்தோப்புக்கும், பூ வந்தால் மூலனூர் முருங்கைக் காட்டுக்கும் வண்டி ஏற்றிவிடுகிறேன். ஒரு மூட்டை அஸ்காவை விட ஒரு வேப்பமரம் தேனீக்கு எவ்வளவோ மேல். கம்பெனி முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் காம்பவுண்டுக்குள் புங்கையும் வேம்பும் வையுங்கள் என்று கேட்கிறேன். மூன்று பேர் வைத்திருக்கிறார்கள்.

தீனியை எப்போது நிறுத்துவது என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். தேன் அறையை மேலே ஏற்றுவதற்கு முன்னால் நிறுத்திவிடவேண்டும். ஏற்றிய பிறகு ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது ஈ வாயில் புகுந்து வந்த அஸ்காதான், தேன் இல்லை. ஒரு வியாபாரி என்னிடம் வருஷம் முழுக்க ஊற்றுங்கள், வருகிறதை நான் எடுத்துக்கொள்கிறேன், அஸ்கா செலவும் என்னுடையது என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேனில் சர்க்கரைச் சாறு கலப்பதைப் பரிசோதித்து வெளியிட்டபோது, நாலைந்து வாடிக்கையாளர்கள் நேராக என் வீட்டுக்கே வந்து, உங்களுடையது எப்படி என்று கேட்டார்கள். கோபப்படவில்லை. எந்தப் பெட்டிக்கு எந்தத் தேதியில் தீனி நிறுத்தினேன், எப்போது தேன் அறை ஏற்றினேன் என்று எழுதிய நோட்டை எடுத்துக் காட்டினேன். கட்டிங் டேபிளில் பீஸ் கணக்கு எழுதிப் பழகிய கை, அது இங்கே உதவியது.

போன ஐப்பசியில், பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண் ஒருத்தி ஒரு பெட்டி கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து பதினாறு வருஷம். வாடகை வீட்டு மாடியில் வைக்க முடியாது என்பதால் என் கிணற்று மேட்டிலேயே வைத்துக்கொடுத்தேன். ஷிப்டு முடிந்து இருட்டும்போது வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போவாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. கார்த்திகை இரண்டாம் வாரம், விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு ஊத்தணும்ங்கய்யா?"

"என்னைக் கேக்காதே கண்ணு. பெட்டியக் கேளு. பின்னாடி போயி ஒரு கையில லேசாத் தூக்கு."

தூக்கினாள். வந்த அன்றைக்குத் தூக்கியதை நினைத்துப் பார் என்றேன். "கனமா இருக்குதுங்கய்யா" என்றாள். வாசல் பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். மழை விட்டு இரண்டு நாள் வெயில். வருகிற ஈக்களில் மூன்றில் ஒன்று இரண்டு பின்னங்காலிலும் மஞ்சள் உருண்டையோடு இறங்கியது. புழுவுக்குச் சோறு போகிறது என்றேன். ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினேன். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மெழுகு மூடிய தேன். அதற்குக் கீழே மகரந்தம். அதற்கும் கீழே உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாய் மூடிய புழு அறைகள், ஓட்டை இல்லாமல் சீராக. அவள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி வைத்த பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அவளே பாட்டிலை எடுத்தாள். மீதியைத் தென்னைக்கு ஊற்றப் போனாள். வெளியே வேண்டாம் என்றதும் சட்டென்று கையை நிமிர்த்தி, மூடியை விரலால் பொத்திக்கொண்டாள். எட்டரைக்கு அவளுக்குக் கம்பெனி. துப்பட்டாவின் நுனியால் பாட்டிலைச் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள்.